கீரி வடிவும் மூங்கில் வளைவு நரியும்

ஏரியும் மலையும் சேர்ந்த ஒரு காட்டில் வடிவு என்றொரு கீரி இருந்தாள். அந்தக் காட்டில் சைக்கிள் ஓட்டத் தெரியாத மிருகமே கிடையாது. யானைக்கு வண்டிச் சக்கரம் போலப் பெரிய சக்கரம் வைத்த சைக்கிள். காட்டுப்பன்றிக்கு முறம் போல அகலமான சீட்டு. வடிவின் சைக்கிளோ தூரத்திலிருந்து பார்த்தால் புல்லுக்குள் மறைந்துபோகும். ஆனால் மேட்டில் அவள் ஏறுவதைப் பார்த்தவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்கள்.

ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்குமுன் அங்கே ஒரு போட்டி நடக்கும். ஆலமரத்தடியில் புறப்பட்டு, ஏரிக்கரை வழியாகப் போய், மூங்கில் காட்டுக்குள் வளைந்து, பாறை மேட்டில் ஏறி, மறுபடியும் ஆலமரத்துக்கு இறங்க வேண்டும். அப்படி மூன்று சுற்று. முதலில் வருபவருக்கு மலைமேல் இருக்கும் குகை அந்த ஆண்டு முழுக்கச் சொந்தம். எவ்வளவு மழை பெய்தாலும் அந்தக் குகைக்குள் ஒரு சொட்டு இறங்காது.

போன ஆண்டு அந்தக் குகையை வென்றவன் மாசாணன் என்ற நரி. வடிவு ஒரு சக்கர அளவில் தோற்றுப் போனாள். அந்த மழையில் ஏரிக்கரையில் இருந்த அவளுடைய வளைக்குள் தண்ணீர் புகுந்தது. அவளும் அவள் கணவன் சுடலையும் ஆளுக்கொரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, விடிய விடிய ஒரு மரக்கிளையில் நனைந்தார்கள். சின்னக் குட்டிக்கு வந்த இருமல் போகவே வெகு நாளானது.

"இந்த ஆண்டு விடமாட்டேன்!" என்று வடிவு முடிவு செய்தாள். போட்டிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே காலையில் எழுந்து பயிற்சியைத் தொடங்கினாள்.

முதல் வாரம் நன்றாகவே போயிற்று. இரண்டாவது வாரம் ஒருநாள், அவள் கடைசிச் சுற்றில் மூங்கில் வளைவைத் தாண்டும்போது, பின்னால் மணிச் சத்தம் கேட்டது.

"என்ன வடிவு, இவ்வளவுதானா?"

நரி மாசாணன்! மூச்சு வாங்குவதுபோல் வாயைத் திறந்துகொண்டு, அவளைச் சர்ரென்று தாண்டி மேட்டில் ஏறிப் போனான்.

வடிவுக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று மிதித்தாள். முடிந்தவரை துரத்தினாள். மேட்டின் உச்சியில் அவன் காத்திருந்தான்.

"எனக்கு இது நாலாவது சுற்று" என்றான். "உனக்கு?"

"மூணாவது" என்றாள் வடிவு, தலையைக் குனிந்துகொண்டு.

"பரவாயில்லை, பரவாயில்லை! எல்லாருக்கும் எல்லாம் வராது!" என்று சொல்லிவிட்டு மாசாணன் வாலை ஆட்டியபடி இறங்கிப் போனான்.

மறுநாள் வடிவு இன்னும் வேகமாக ஓட்டினாள். மூங்கில் வளைவில் மறுபடியும் அதே மணிச் சத்தம். மறுபடியும் அவன் முந்தினான். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. வடிவு ஒரு சுற்றைக் கூட்டினாள். மாலையிலும் ஓட்டினாள். கால் வலித்தாலும் ஓட்டினாள். ஆனால் கூட்டக் கூட்ட, மேட்டில் அவள் வேகம் குறைந்துகொண்டேதான் போனது. சோறு இறங்கவில்லை. குட்டிகள் மடியில் ஏறினால் எரிச்சல் வந்தது.

"ஒருநாள் சும்மா இரேன் வடிவு" என்றான் சுடலை. "உன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது."

"சும்மா இருந்தால் அவனை எப்படிப் பிடிக்கிறதாம்? நாலு சுற்று ஓட்டிவிட்டும் என்னைத் தாண்டிப் போகிறானே!"

சுடலை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

ஒருநாள் காலை ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தபோது, வடிவின் சைக்கிள் செயின் கழன்று விழுந்தது. மாட்டிப் பார்த்தாள். களைப்பில் மாட்ட முடியவில்லை. சரி, வீட்டுக்குப் போய்ச் சுடலையிடம் கொடுக்கலாம் என்று, மூங்கில் காட்டுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

வளைவுக்குப் பக்கத்தில் பேச்சுக்குரல் கேட்டது. வடிவு நின்றாள். இலைகளை விலக்கிப் பார்த்தாள்.

ஒரு புதர் நிழலில் மாசாணன் மல்லாந்து படுத்திருந்தான். வயிற்றின் மேல் இலந்தைப் பழங்கள். அவன் சைக்கிள் மூங்கிலில் சாய்ந்து நின்றது. அதன் சக்கரத்தில் ஒரு பொட்டு மண்கூட ஒட்டவில்லை. பாறையின் மேல் ஓர் ஓணான் பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

"வருகிறாளா?" என்று கேட்டான் மாசாணன்.

"இன்னும் காணோம்" என்றது ஓணான். "இன்றைக்கு ரொம்ப நேரமாகிறது."

"வருவாள், வருவாள்! வளைவில் தலை தெரிந்ததும் சொல். எழுந்து ஒரு மிதி மிதித்தால் போதும், பின்னாலேயே விழுந்தடித்துக்கொண்டு வருவாள்." ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டான். "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே துரத்த விட்டால், போட்டியன்று அவளால் பெடலைக்கூடச் சுற்ற முடியாது. குகை நமக்குத்தான்!"

வடிவின் முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. பாய்ந்து அவன் கழுத்தைக் கவ்விவிடலாமா என்று தோன்றியது. ஆனால் கால்களில் அதற்குக்கூடத் தெம்பில்லை. சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு வழியாக வீட்டுக்கு வந்தாள்.

நடந்ததைக் கேட்டதும் சுடலை துள்ளிக் குதித்தான். "அந்தத் திருட்டுப் பயலை இப்போதே போய்க் கேட்கிறேன்! போட்டியை நடத்துகிற யானையம்மாவிடம் சொல்லி, அவனைப் போட்டியிலிருந்தே நீக்கச் சொல்லலாம்!"

"என்னங்க, கொஞ்சம் உட்காருங்க" என்றாள் வடிவு. அவள் குரல் அடங்கியிருந்தது. "அவன் பொய் சொன்னான், சரி. என்னைத் துரத்தச் சொன்னது யாரு? நானாகத்தானே துரத்தினேன்! அவன் நிஜமாகவே நாலு சுற்று ஓட்டியிருந்தால் மட்டும் எனக்கென்ன? போட்டி அன்றைக்கா நடந்தது?"

சுடலை செயினை மாட்டத் தொடங்கினான்.

வடிவு அன்று பகல் முழுக்கத் தூங்கினாள். எழுந்து வயிறாரச் சாப்பிட்டாள். மறுநாளும் சைக்கிளைத் தொடவில்லை. அதற்கடுத்த நாள் மெதுவாக ஒரே ஒரு சுற்று, குட்டிகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய் வந்தாள்.

பிறகுதான் பழையபடி ஓட்டினாள். கடுமையாக ஓட்ட வேண்டிய நாளில் மேட்டில் மூச்சு முட்ட ஏறினாள். மறுநாள் காற்று வாங்குவதுபோல் ஓட்டினாள். களைப்பாக இருந்தால் படுத்துக்கொண்டாள்.

மாசாணன் விடவில்லை. மூங்கில் வளைவில் மணியடித்துக்கொண்டு வந்தான்.

"என்ன வடிவு, இவ்வளவுதானா?"

வடிவின் கால்கள் துடித்தன. எழுந்து நின்று மிதித்துவிட வேண்டும் போலிருந்தது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முந்திப் போங்க அண்ணே!" என்றாள்.

மாசாணன் திரும்பிப் பார்த்தான். "பயந்துட்டியா?"

"வழி விட்டிருக்கேன், போங்க!"

மேட்டின் உச்சியில் அவன் வெகு நேரம் காத்திருந்து பார்த்தான். வடிவு தன் போக்கில் ஏறி வந்தாள், அவனைத் தாண்டி இறங்கிப் போனாள். அவளுக்கு அது சுலபமாக இருக்கவில்லை. அன்று முழுக்க உள்ளுக்குள் புழுங்கினாள். இரண்டாவது நாள் புழுக்கம் குறைந்தது. அப்புறம் அந்த மணிச் சத்தம் மரங்கொத்தி கொத்துகிற சத்தம்போல ஆகிவிட்டது.

மாசாணனுக்கோ தலைகால் புரியவில்லை. தினமும் அவன்தான் முந்துகிறான். "பார்த்தாயா, பயந்தே போய்விட்டாள்! இந்தக் காட்டில் என் வேகத்துக்கு யாரும் இல்லை!" என்று ஓணானிடம் சொன்னான். சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டான். ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

போட்டி நாள் வந்தது. ஆலமரத்தடியில் காடே கூடியிருந்தது. யானையம்மா தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியதும் எல்லாச் சைக்கிள்களும் புறப்பட்டன.

மாசாணன் புறப்பட்ட வேகத்தைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். புள்ளிமானும் குரங்கும் முயலும் அவனை விடாமல் துரத்தினார்கள். வடிவு பின்தங்கினாள். அவளுக்குப் பின்னால் கொம்பையன் என்ற காட்டுப்பன்றி ஒருவன்தான் இருந்தான்.

"அம்மா, போம்மா! வேகமா போம்மா!" என்று பாதையோரத்திலிருந்து குட்டிகள் கத்தின. சின்னக் குட்டி அழுதேவிட்டது. குட்டி அழுவதைக் கேட்டபோதுதான் வடிவுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் தன் மிதியை மாற்றவில்லை.

ஏரிக்கரையில் எதிர்காற்று பலமாக வீசியது. வடிவின் சின்ன உடம்பைக் காற்று பின்னுக்குத் தள்ளியது. அப்போது கொம்பையன் பக்கத்தில் வந்தான்.

"தங்கச்சி, என் முதுகுக்குப் பின்னால வா. காத்து படாது" என்றான். "மூங்கில் காட்டில மட்டும் நீ முன்னால போ. எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். போன வருஷம் அங்கதான் கல்லில மோதி விழுந்தேன்."

"சரி அண்ணே!"

கரையில் கொம்பையனின் அகன்ற முதுகு காற்றைத் தடுத்தது. மூங்கில் காட்டில் வடிவு முன்னால் போய், "இடப்பக்கம் கல்! வளைவு வருது, குனிஞ்சுக்குங்க!" என்று குரல் கொடுத்தாள். இப்படியே இரண்டு சுற்று முடிந்தது. வழியில் முயல் ஒரு மரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குரங்கு சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஏரியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். புள்ளிமானை மூன்றாவது சுற்றின் தொடக்கத்தில் தாண்டினார்கள்.

பாறை மேட்டின் அடியில் கொம்பையன் பெருமூச்சு விட்டான். "இந்த மேட்டை நான் என் பாட்டுக்கு ஏறிக்கிறேன். நீ போ தங்கச்சி!"

"வரட்டுமா அண்ணே?"

"எனக்காக நிக்காதே. போ!"

வடிவு ஏறினாள். பாதி மேட்டில் மாசாணன் தெரிந்தான். நாக்கு வெளியே தொங்கியது. சைக்கிள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோணிக்கொண்டு போனது. டயர் சத்தம் கேட்டுத் திரும்பியவன், வடிவைக் கண்டதும் எழுந்து நின்று ஒரே பாய்ச்சலாக மிதித்தான். அவள் துரத்தவில்லை. அதே மிதி, அதே மூச்சு. சற்றுத் தூரத்தில் அவனை மறுபடியும் நெருங்கினாள். மறுபடியும் பாய்ந்தான். இந்த முறை பாய்ச்சல் சின்னதாக இருந்தது. மூன்றாவது முறை எழுந்து நிற்கப் பார்த்தான். கால்கள் நடுங்கி, சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வடிவு பக்கத்தில் வந்தாள்.

"தினமும்... நான்தானே... முந்தினேன்!" என்று மாசாணன் இரைத்தான்.

"போட்டி இன்னைக்குத்தானே அண்ணே!" என்று சொல்லிவிட்டு வடிவு அவனைத் தாண்டினாள். உச்சிக்குப் பக்கத்தில்தான், இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த பலத்தையெல்லாம் காலில் இறக்கினாள். இறக்கத்தில் அவள் வந்த வேகத்தில் ஆலமரத்தடிப் புழுதி எழும்பிற்று. குட்டிகள் இரண்டும் ஓடிவந்து சக்கரம் நிற்குமுன்பே அவள் மேல் ஏறிக்கொண்டன. சுடலை சைக்கிளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

அடுத்து வந்தது கொம்பையன். "விழல! இந்த வருஷம் விழவே இல்ல!" என்று கத்திக்கொண்டே வந்தான். மாசாணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியில் இறங்கி வந்தான்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மலைமேல் குகைக்குள் குட்டிகள் உலர்ந்த புல்லில் சுருண்டு தூங்கின. கீழே ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. வடிவு குகை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுடலை தோளில் சாய்ந்தபடி மழையை வேடிக்கை பார்த்தாள்.

பிறர் சீண்டும்போதெல்லாம் அவர்களைத் துரத்தி ஓடுபவரின் பலம் வேண்டிய நாள் வருமுன்பே தீர்ந்துபோகும். தன் வேகத்தைத் தானே முடிவு செய்பவருக்கே அந்தப் பலம் உரிய நேரத்தில் கைகொடுக்கும்.