பெஞ்சில் மூன்று நாள்

"ரெண்டு மாசமா அட்டைப்பெட்டி அடுக்குறேன் மேடம். சின்னப் பிள்ளைங்க எல்லாம் கவுன்டர்ல நின்னு மருந்து குடுக்குது. எனக்கு மட்டும் என்ன குறைச்சல்?"

கேட்டவள் செண்பகவல்லி. வயது நாற்பத்தொன்று. மகனைக் காலேஜில் சேர்த்த கையோடு தானும் பார்மசி டிப்ளமோவில் சேர்ந்தவள். வகுப்பே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும்.

பாடம் நடத்தும் ஷம்ஷாத் மேடத்துக்கு முப்பத்திரண்டுதான். ஆஸ்பத்திரி மருந்தகமும் அவர் பொறுப்பு.

"மருந்து வகையெல்லாம் படிச்சாச்சா அக்கா?"

"எதை வேணும்னாலும் கேளுங்க!"

அம்மாடி, என்ன ஒரு கெத்து! பரீட்சையில் தொண்ணூற்றெட்டு வாங்கியவள் ஆச்சே, இருக்காதா பின்னே.

"புரொப்ரனலால் எதுல சேரும்?"

செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வலி மருந்து: ஐபுபுரூபன், டைக்ளோபினாக். ஆன்டிபயாடிக்: அமாக்சிசிலின், அசித்ரோமைசின். வயித்துல அமிலம் குறைய: ஒமிப்ரசோல், பான்டப்ரசோல். சர்க்கரைக்கு: மெட்பார்மின். மூச்சுக்குழாய் விரிய: சால்பியூட்டமால். பிரஷர் குறைய பீட்டா பிளாக்கர்: அட்டினலால், மெட்டோப்ரலால், புரொப்ரனலால்! வந்துட்டு மேடம்!"

மேடம் சிரிக்கவில்லை. வெளியே நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சைக் கைகாட்டினார்.

"அங்க போய் உக்காருங்க."

"எதுக்கு மேடம்? எத்தனை நாளைக்கு?"

மேடம் உள்ளே போய்விட்டார்.

முதல் நாள் முழுக்கப் பொருமினாள். தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கியவளுக்கு இந்த மரியாதையா? அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காது வேலை செய்தது. ஒருத்தர் கல்யாண வீட்டில் இனிப்பு சாப்பிட்டால் மட்டும் சர்க்கரை மாத்திரை போடுவாராம். இன்னொரு அம்மா பிரஷர் மாத்திரையைப் புருஷனோடு ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொள்கிறாளாம். இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது!

மூன்றாம் நாள் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். விரல் லேசாக நடுங்கியது.

"இந்த நடுக்கத்துக்குத்தான் எழுதிக் குடுத்திருக்காரு" என்று சீட்டைக் காட்டினாள். புரொப்ரனலால்.

சீட்டைக் கவுன்டரில் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு லேசாக மூச்சு இளைத்தது. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து இழுத்தாள். செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். சால்பியூட்டமால்.

"ஆஸ்துமாவா?"

"சின்ன வயசுலேர்ந்து."

"டாக்டர்ட்ட சொன்னீங்களா?"

"அவரு கையைப் பத்தித்தானே கேட்டாரு?"

செண்பகவல்லி எழுந்து ஓடினாள். கவுன்டரில் கூடப் படிக்கும் கிருபாகரன் மாத்திரை அட்டையை உறையில் போட்டுக்கொண்டிருந்தான். அதன் மேல் கையை வைத்துவிட்டாள்.

"குடுக்காத தம்பி!"

"அக்கா, டாக்டர் எழுதினது. கையை எடுங்க."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். டாக்டர் எழுதியதை மறிக்க நீ யாருடி என்று அவள் மனசே கேட்டது. கையை மட்டும் எடுக்கவில்லை.

மேடம் வந்தார்.

"என்னக்கா?"

"இந்தம்மாவுக்கு ஆஸ்துமா மேடம். மூச்சுக்குழாய் விரிய மருந்து இழுக்காங்க. இந்த மாத்திரை அதைச் சுருக்கிரும். டாக்டருக்குப் போன் போடுங்க. நான் சொல்றது தப்புன்னா இன்னிக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிருங்க."

மேடம் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார். ஸ்பீக்கரையும் தட்டிவிட்டார்.

டாக்டரின் குரல் எல்லாருக்கும் கேட்டது. "ஐயோ, நல்லவேளை! குடுத்துராதீங்க. அவங்களை மேல அனுப்புங்க, வேற எழுதுறேன்."

அந்தப் பெண் செண்பகவல்லியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவங்களும் டாக்டரம்மாவா?"

செண்பகவல்லி உள்ளே வர மேடம் கவுன்டரின் குட்டிக் கதவைத் திறந்து பிடித்தார்.

"இல்லம்மா. டாக்டரே இவங்க பேச்சைக் கேக்குற பார்மசிஸ்ட்."