அணை சொன்ன மணி

"அந்த மாசாணத்தை வேலையை விட்டு அனுப்பியாச்சுங்க டீச்சர்," என்றார் அருளானந்தம். "தூங்கினதும் இல்லாம பொய் வேற சொல்றான்."

சீடர் அருளானந்தம் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். டவுனில் இருக்கும் அணை அலுவலகத்தில் அவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் குரு நசீமாவுக்கு அவர் மகள் வயது. அவளை டீச்சர் என்று அழைக்க அவர் கூச்சப்பட்டதே இல்லை. தான் தப்பே செய்யமாட்டோம் என்ற நினைப்புதான் மனிதருக்குக் கொஞ்சம் கூடுதல்.

"என்ன பொய்?"

"ஷட்டரை டவுன்ல இருந்து திறப்பாங்க. அதுக்கு முன்னாடி இவன் மலைமேல அணைல அபாயச் சங்கு ஊதணும். போன வாரம் தண்ணி முதல்ல வந்துடுச்சு, சங்கு அப்புறம் ஊதுது. ஆத்துல துவைச்சிட்டிருந்த பொம்பளைங்க பொழைச்சதே பெருசு. கேட்டா, அணை கம்ப்யூட்டர்ல மணி பார்த்துத்தான் ஊதினேங்கறான்."

"உண்மையா இருக்கலாமே?"

"எப்படிங்க? நான் இங்க உக்காந்தே தினமும் அந்தக் கம்ப்யூட்டர்கிட்ட மணி கேக்கறேன். நொடி பிசகாது."

நசீமா வாதாடவில்லை. எதிரே இருந்த அவருடைய கம்ப்யூட்டரின் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பின்னால் தள்ளினாள்.

"இப்ப அணையைக் கேளுங்க சார்."

தட்டினார். அணையும் இரண்டு மணி நேரம் பின்னால் போயிருந்தது.

"அட, அதுவும் கூடவே மாறுதே!"

சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"கேள்வியை இரட்டை மேற்கோளுக்குள்ள வச்சிருக்கீங்க. உங்க கம்ப்யூட்டரே அனுப்பறதுக்கு முன்னாடி அதைப் பிரிச்சு, தன்னோட மணியை எழுதி அனுப்பிடுது. அணை அதை அப்படியே திருப்பிச் சொல்லுது."

"அப்போ... அங்க மணி என்ன?"

அவள் இரட்டை மேற்கோளை அழித்து ஒற்றை மேற்கோள் போட்டாள். இந்த முறை கேள்வி பிரிக்கப்படாமல் மலையேறியது. பதில் வந்ததும் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அணை கால்மணி நேரம் பின்தங்கி இருந்தது.

ஒரு பாவமும் அறியாதவனைத் துரத்திவிட்டேனே என்று அருளானந்தம் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், இன்னைக்கு ஷட்டர் எப்போ திறக்கறாங்க?"

"நாலு மணிக்கு."

இருவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். நாலு அடிக்கப் போகிறது.

அவர் அணைக்குப் போன் போட்டார். மாசாணத்தின் இடத்துக்கு வந்த புது ஆள் கருப்பணன் சாவகாசமாக எடுத்தான்.

"சங்கு ஊதிட்டியா?"

"இன்னும் நேரங் கிடக்குதுங்க சார்."

"கம்ப்யூட்டரைப் பாக்காதே! ஊதுய்யா! உடனே ஊது!"

"என்னங்க சார், மணி சரியா இருக்குதுன்னு காலைல நீங்கதானுங்களே சொன்னீங்க?"