பச்சைக் கதவைத் தொட்டவர்

என் மகளைச் சென்னியப்பன் வீட்டில் கொடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்தப் பதினோரு வருஷமாக சம்பந்தியும் நானும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயமுத்தூரில் கோல்ஃப் ஆடுகிறோம். அவருக்கு மோட்டார் பம்ப் கம்பெனி, எனக்கு ஜின்னிங் மில். ஆட்டத்தில் அவர் பெரிய கை. ஓங்கி ஒன்று வைத்தாரென்றால் பந்து எங்கே போனதென்று தேட ஆள் விட வேண்டும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அவர் பந்து குழிக்கு இரண்டு மூன்றடி பக்கத்தில் வந்து நின்றதும் நான் சொல்லிவிடுவேன்.

"எடுத்துக்குங்க சம்பந்தி."

இது எப்படியும் விழுந்துவிடும், விழுந்ததாகவே வைத்துக்கொண்டு பந்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நண்பர்கள் ஆட்டத்தில் அதற்கு அனுமதி உண்டு. பெண்ணைக் கொடுத்தவன் நான். மாப்பிள்ளையின் அப்பாவைக் குனிய வைத்து, மூன்றடியில் தவற விடுவதை வேடிக்கை பார்க்க முடியுமா? அவர் எனக்கு ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. பெண் வீட்டுக்காரனுக்கு யார் விட்டுத்தருகிறார்கள்? என் பந்தை நான்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

போன வருஷம் ஸ்காட்லாந்துக்குப் போனோம். கிழக்குக் கடற்கரையில் ஆர்ட்கெல்லி என்று ஒரு சின்ன ஊர். கோடையில் வருகிற வெளியூர்க்காரர்களுக்காக அங்கே ஒரு கோப்பைப் போட்டி வைப்பார்கள். அந்தப் போட்டியில் விட்டுக்கொடுப்பதெல்லாம் கிடையாது. ஒவ்வொரு குழியிலும் பந்து விழுந்தே ஆக வேண்டும். சம்பந்தி முதல் குழியிலேயே, ஒரு சாண் தூரத்தில் நின்ற பந்தைச் சாவகாசமாகக் குனிந்து எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நானும் அந்தப் பக்கம் நின்றேன், எனக்கும் உறைக்கவில்லை. அடுத்த குழிக்கு அடித்த பிறகுதான் உள்ளூர்க்காரர் ஒருவர் ஓடி வந்தார். அடுத்த குழிக்கு அடித்தாகிவிட்டால் முந்தினதைத் திருத்த வழியில்லை என்று போட்டியிலிருந்தே பெயரை அடித்துவிட்டார்கள். அன்று அந்த கிளப்பில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர்தான்.

ஊர் திரும்பியதும் சம்பந்தியம்மா கேட்டார், "ஜெயிச்சீங்களா?"

"மழை வந்து ஆட்டம் நின்னு போச்சு கண்ணு."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இந்த வருஷம் மறுபடியும் போகலாம் என்று அவர் சொன்னபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை.

இந்தத் தடவை போட்டிக்கு ஒரு வாரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம். பை தூக்கவும் வழி சொல்லவும் கேடியாக வந்தவள் சுகிர்தா. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், ஆறு வயதில் அந்த ஊருக்கு வந்தவள், இப்போது முப்பத்து நாலு. அவ்வளவு பெரிய பையை ஒரு பெண் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறாளே என்று எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாவது குழிக்குள் கூச்சம் பறந்துவிட்டது. காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறதென்று திரும்புவதற்கு முன்னாலேயே சொன்னாள். சம்பந்தி அவளை "டீச்சரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். அவரைவிட முப்பது வயது சின்னவள்.

"டீச்சரம்மா, இருநூறு கஜம் அசால்ட்டா அடிக்கறனுங்க. மூணடியில கை நடுங்குது. என்னங்க பண்றது?"

"பந்து குழிக்குள்ள விழுற சத்தம் கடைசியா எப்ப கேட்டனீங்கள் ஐயா?"

சம்பந்தி யோசித்தார். என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"மட்டையெல்லாம் இஞ்ச இருக்கட்டும்," என்றாள் அவள். "அங்க தெரியுது பாருங்கோ, வெளிச்சவீடு. அது வரைக்கும் நடந்து போய்க் கதவைத் தொட்டிட்டு வாங்கோ."

"ஏனுங்க, கோல்ஃப் கத்துக்க வந்தவனைக் கலங்கரை விளக்கம் பாக்க அனுப்பறீங்களே!"

"இந்த ஊருக்கு வாற எல்லாரும் போறவைதானே. கடல்நாய் பாக்கலாம். காத்து நல்லது."

போனோம். கடலோரமாகவே நாலு மைல் ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் மஞ்சள் பூப் பூத்த முள்ளுச்செடி. சைக்கிளில் போகிறவர்கள், தூண்டில் போடுகிறவர்கள், பாறையில் படுத்துக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்க்கிற கடல்நாய்கள். பாதை முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கிருந்து கடலுக்குள் ஒரு கல்பாதை போகிறது. கடல் வற்றும்போது மட்டும்தான் அது வெளியே தெரியும். அந்தப் பக்கம் பாறை, பாறை மேல் படிக்கட்டு, படிக்கட்டுக்கு மேல் வெள்ளைக் கோபுரம், பச்சைக் கதவு. டீக்கடையில் நின்றபடி நாலு படம் எடுத்துக்கொண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

"கதவைத் தொட்டனீங்களோ?"

"பக்கத்துலயே போயிட்டோமுங்க. இன்னும் ஒரு எரநூறு அடிதான். ஆணி மொதக்கொண்டு தெரிஞ்சுது."

"நாளைக்கும் போங்கோ," என்றாள் சுகிர்தா.

மறுநாள் போனபோது கல்பாதையெல்லாம் பாசி. சம்பந்திக்கு முழங்கால் வலி வேறு. எனக்கு மனசு கேட்கவில்லை.

"நீங்க உக்காந்து டீ குடிங்க சம்பந்தி. நான் போய்த் தொட்டுட்டு வந்துடறேன்."

போய்த் தொட்டேன். உள்ளங்கை முழுக்க அப்பிக்கொண்டது. கதவுக்கு அப்போதுதான் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஏணி மேல் நின்ற பெயிண்டர் அவர் பாஷையில் ஏதோ கத்தினார். அர்த்தம் புரியவில்லை, விஷயம் புரிந்தது.

"கையைக் காட்டுங்கோ," என்றாள் சுகிர்தா, நாங்கள் திரும்பியதும்.

சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முன்னால் வந்து கையை நீட்டினேன்.

"இது ஆற்ற கை?"

"என்னுதுங்க."

"குழிக்குள்ள போட வேண்டிய பந்து ஆற்ற?"

"சம்பந்தியோடதுங்க."

பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி நின்றேன். அவள் கோபப்படவில்லை.

"நாளைக்கு ஐயா தனிய போகட்டும். நீங்கள் இஞ்ச இருந்து தேத்தண்ணி குடியுங்கோ."

மூன்றாம் நாள் தூறல். காலை ஒன்பது மணிக்குப் போன மனுஷன் மதியம் வரவில்லை. இரண்டு மணிக்கும் வரவில்லை. கடல் ஏறியிருந்தது. என் மகளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் என்று கிளப்பின் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். சுகிர்தா ஆட்டக்காரர்களின் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார். முழங்கால் வரைக்கும் ஈரம், ஒரு பக்கம் சேறு. தூரத்தில் வரும்போதே வலது கையைத் தூக்கிக் காட்டினார். தூறலில் பெயிண்ட் இன்னும் காயவில்லை போலிருக்கிறது, உள்ளங்கை பச்சைப் பசேல் என்று இருந்தது.

"நான் போறப்பவே தண்ணி ஏறிடுச்சுங்க," என்றார். "வத்தற வரைக்கும் கல்லு மேல உக்காந்துட்டேன். அந்தக் கடல்நாய்ங்க என்னையே பாக்குதுங்க, நானும் அதுங்களையே பாக்கறேன். அப்பறம் படியெல்லாம் ஏறிட்டேன். கடைசிப் படியில பாருங்க சம்பந்தி, காலு வரமாட்டேங்குது. அதான் வந்தாச்சே, இதுக்கு மேல என்ன, திரும்பிக்கலாம்னு மனசு சொல்லுது. நாலு மைலு நடந்ததெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அந்த ஒரு படி இருக்குதே!"

பெயிண்டைத் துடைக்க டர்பன்டைன் வாங்கிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்றுவிட்டார்.

அதற்கப்புறம் இரண்டு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மூன்றடித் தூரப் பந்துதான். முதல் நாள் பாதிக்குப் பாதி தவறியது. ஒவ்வொன்று விழும்போதும் அந்த மனுஷன் காதைக் கொடுத்துக் கேட்டார்.

போட்டி நாள். நானும் அவரும் சேர்ந்து ஆடினோம், கணக்கு அவரவருக்குத் தனி. எங்கள் ஜோடிதான் கடைசி. சம்பந்தி அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை நான் எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்த்ததில்லை. பதினெட்டாவது குழிக்கு வந்தபோது பலகையில் ஒரு ஹாலந்து டாக்டர் எண்பத்தொன்றில் முடித்து முதலில் நின்றார். குறைவாக அடித்து முடிப்பவருக்குத்தான் கோப்பை. சம்பந்தி எழுபத்தொன்பது அடித்திருந்தார். பந்து குழியிலிருந்து மூன்றடியில் நின்றது. போட்டுவிட்டால் எண்பது, கோப்பை அவருக்கு. சமமாக வந்தால் முதலில் முடித்தவருக்கே கோப்பை என்பது அங்கே விதி. ஆகவே இந்த ஒரு பந்துதான். கிளப் படிக்கட்டில் கூட்டம் நின்றது. போன வருஷம் சிரித்த முகங்களும் அதில் இருந்தன.

காற்று சட்டையை இழுத்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"எடுத்துக்குங்க சம்பந்தி."

படுபாவி நாக்கு! பதினோரு வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. பதினோரு வருஷம் எடுத்து எடுத்துப் பழகிய கை, அவரைக் கேட்காமலே கீழே இறங்கியது. பந்தைத் தூக்கினால் ஓர் அடி தண்டமாகக் கணக்கில் கூடிவிடும். எல்லாம் போச்சு. சுகிர்தாவைப் பார்த்தேன். கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேடி எச்சரிக்கலாம், விதியில் தடையில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை.

கை பந்துக்கு ஒரு சாண் மேலே நின்றது.

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார் சம்பந்தி. ரேகைக்குள்ளெல்லாம் பச்சை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வேண்டாமுங்க சம்பந்தி. நானே போட்டுக்கறேன்."

நிதானமாக நின்றார். தட்டினார். பந்து மூன்றடியும் உருண்டு போய், 'டொக்' என்று விழுந்தது.

படிக்கட்டில் இருந்தவர்கள் கைதட்டியது அப்புறம்தான் என் காதில் ஏறியது. நான் ஓடிப் போய் அவரைக் கட்டிக்கொண்டேன். அறுபது வயதுக்கு மேல் அப்படி அழுவேன் என்று நினைத்ததே இல்லை. அவர் குழிக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்தார், மறுபடியும் உள்ளே போட்டார், மறுபடியும் எடுத்துப் போட்டார். அந்தச் சத்தத்தை மூன்று தடவை கேட்டார். ஹாலந்து டாக்டர்தான் முதலில் வந்து கை கொடுத்தார். அவர் கையிலும் கொஞ்சம் பச்சை ஒட்டியதோ என்னவோ.

கோப்பையை வாங்கிய கையோடு சம்பந்தி ஊருக்குப் போன் போட்டார்.

"விழுந்துருச்சு கண்ணு! ஜெயிச்சுட்டேன்! இன்னொண்ணு கேட்டுக்க. போன வருஷம் மழையெல்லாம் வரலே. நான்தான் பந்தைக் கையில எடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் சம்பந்தியம்மா சிரிப்பது எனக்கே கேட்டது.

சாயங்காலம் சுகிர்தா பையைத் துடைத்து மூடிக்கொண்டிருந்தாள். சம்பந்தி கோப்பையைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டு நின்றார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கோணும். என் கை கீழ எறங்குனதை நீங்க பாத்தீங்க."

"ஓம், பாத்தனான்."

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க? நான் மட்டும் எடுத்திருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

அவள் கோப்பையைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தாள்.

"சொல்லியிருந்தா, அதுவும் நான் விட்டுத் தந்த பந்துதானே ஐயா."