பூவலிங்கம் பார்க்காத கோல்

“ஞாயித்துக்கிழமை நான் போகலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க சாமி.”

பூவலிங்கம் மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார்.

சாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு முப்பத்திரண்டு வயது. கேட்டவருக்கு ஐம்பத்தாறு. ஞானத்துக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை என்பதை மருதன்குளம் ஊர் முதலில் முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது.

“எங்கே?” என்றார் சாமி.

பூவலிங்கம் அப்படியே நின்றுவிட்டார். எங்கே என்று கேட்கிற ஒரு மனிதர் அந்த ஊரில் இருக்கக்கூடும் என்று அவர் நினைத்ததே இல்லை.

உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, விளக்கினார்.

வட்டார ஆக்கி லீகில் எட்டு அணிகள். ஒவ்வொன்றுக்கும் பதினான்கு ஆட்டம். பட்டியலில் கடைசியாக வருகிற அணி வெளியே போகும். மருதன்குளம் பதின்மூன்று ஆட்டம் ஆடி, பட்டியலின் அடியில் கிடக்கிறது. வெளியே போனால் சங்கத்தைக் கலைத்துவிடுவதாகச் செயலாளர் அறிவித்துவிட்டார். பதினோரு பேரும் பதினோரு திசைக்குப் போய்விடுவார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பே எல்லோரும் கையைக் கழுவிவிட்டார்கள். பூவலிங்கம் மட்டும் நோட்டைத் திறந்தார். தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரி வேலை. எதையும் எண்ணி அடுக்காவிட்டால் தூக்கம் வராது. அணி பிழைக்க என்னென்ன நடக்க வேண்டும் என்று எழுதினார். பதினேழு ‘ஒருவேளை’கள் வந்தன.

பாண்டியாபுரம் தோற்க வேண்டும். தோற்றது. சிந்தலக்கரை இரண்டு ஆட்டத்தைச் சமன் செய்ய வேண்டும். செய்தது. ஒரு புதன்கிழமை மழை பெய்து ஆட்டம் தள்ளிப்போக வேண்டும். கார்த்திகையில்கூட ஏமாற்றுகிற வானம், அந்தப் புதன்கிழமை ஊற்று ஊற்றென்று ஊற்றியது.

பதினாறு நடந்துவிட்டது. பாக்கி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கோட்டூரணியை ஜெயிக்க வேண்டும். கோட்டூரணி பட்டியலில் முதலிடம்; சமன் செய்தாலே கோப்பை அதற்குத்தான்.

“ரொம்ப நல்லது. போய்ப் பார்க்க வேண்டியதுதானே?”

“நான் போனா தோத்துடும் சாமி.”

சாமியின் கத்தி நின்றது.

பூவலிங்கம் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். போன ஆட்டம் ஒன்பது, ஒன்பதும் தோல்வி. போகாத ஆட்டம் நான்கு, அதில் மூன்று வெற்றி, ஒன்று சமன். போகாத நாட்களில் மைதானத்துச் சுவருக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பந்து கோல் பலகையில் மோதினால் ‘டம்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் சுவரைத் தாண்டும். யார் அடித்தது என்பது தாண்டாது. அந்த இடைவெளியில் அவருக்கு ஆயுசு குறைந்துகொண்டிருந்தது.

விஷயம் ஊருக்கும் தெரிந்துவிட்டது. போன வாரம் ஐந்து பேர் தட்டில் ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார்களாம். ‘அண்ணாச்சி, உங்க மேல மரியாதை இருக்கப் போய்த்தான் வீடு தேடி வந்து சொல்றோம், அன்னிக்கு மட்டும் வந்துராதீங்க’ என்றார்களாம். அவர் மனைவி அவர்களுக்குக் காப்பி வேறு கொடுத்தாராம்.

“முப்பத்தொரு வருஷமாப் பார்க்கிறேன் சாமி. இதுதான் கடைசி ஆட்டமா இருந்தா, பார்க்காம இருக்க முடியாது. பார்த்தா, அதுவே கடைசி ஆட்டமாயிடும்.”

சாமி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இடுப்புத் துண்டை இறுக்கினார். நெடுஞ்சாண்கிடையாகப் பூவலிங்கத்தின் காலில் விழுந்தார்.

பூவலிங்கம் பதறிப் பின்வாங்கியதில் வெண்டைக்காய்த் தட்டு உருண்டது.

“என்ன சாமி இது?”

“பன்னிரண்டு வருஷமாகத் தவம் செய்கிறேன். ஒரு கொசு என் பேச்சைக் கேட்டதில்லை. நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதினோரு பேரைத் தோற்கடிக்கிறீர்கள். எனக்கு உபதேசம் செய்யுங்கள்.”

“கேலி பண்ணாதீங்க சாமி. நோட்டு பொய் சொல்லாது.”

சாமி தரையில் கிடந்தபடியே கையை நீட்டி நோட்டை வாங்கினார். புரட்டினார்.

“ஆறாவது ஆட்டம். ‘போகவில்லை, வெற்றி’ என்று இருக்கிறது. பக்கத்தில் டிக்கெட்டை ஒட்டியிருக்கிறீர்களே?”

பூவலிங்கம் உத்தரத்தைப் பார்த்தார்.

“போனேன். ஆனா கோல் விழுந்தப்ப குனிஞ்சு செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தேன். பார்க்கலை. அதனால போகலைன்னு போட்டேன்.”

புள்ளிவிவரம் என்கிற சாஸ்திரத்தைப் படித்தவர்கள் இந்த இடத்தில் கண்ணீர் விடலாம். ஆனால் எந்த ரசிகனுடைய நோட்டிலும் ஒரு செருப்பு இருக்கும்.

“அப்படியென்றால் போவதில் குற்றமில்லை. பார்ப்பதில்தான் குற்றம்,” என்றார் சாமி.

பூவலிங்கத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. முப்பத்தொரு வருடத்தில் இது அவருக்குத் தோன்றவே இல்லை.

“போங்கள். மேற்குப் பக்கம், கோலுக்கு நேரே, மூன்றாவது வரிசை. பக்கத்து இடம் சண்முகக்கனி டீச்சருக்கு.”

“அது யாரு?”

சாமி அலமாரியிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்துக் காட்டினார். நீல அட்டை, சிவப்பு மையில் கோடு, அழகான கையெழுத்து. கோட்டூரணி இந்த வருடம் மூன்றே ஆட்டம்தான் தோற்றிருக்கிறது. மூன்றுக்கும் டீச்சர் போயிருந்தார்.

“நேற்று வந்தார்,” என்றார் சாமி. “இதே கேள்வி.”

*

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கே மைதானம் கொதித்தது.

பூவலிங்கம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசைக்கு வந்தார். ஆப்பிள் கொடுத்த ஐவரில் ஒருவன் அவரை அடையாளம் கண்டு தலையில் கை வைத்துக்கொண்டான்.

பக்கத்து இடத்தில் குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக ஒரு பெண்மணி இருந்தார்.

“அண்ணாச்சிதானா அந்த ஒன்பது தோல்வி?”

“டீச்சர்தானா அந்த மூணு?”

அறிமுகம் முடிந்தது.

முதல் பாதியை இருவரும் குனிந்தே கழித்தார்கள். பூவலிங்கம் தன் செருப்பைப் பார்த்தார். டீச்சர் குடைக் கம்பிகளை எண்ணினார். ஒரு ‘டம்’ கேட்டது. கோட்டூரணிப் பக்கம் வெடிச் சத்தம். இருபது நிமிடம் கழித்து இன்னொரு ‘டம்’. இந்த முறை அவரைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஒன்றுக்கு ஒன்று.

இரண்டாம் பாதியிலும் அப்படியே நின்றது. நிற்க நிற்க இரைச்சல் ஏறியது. நேரம் முடிகிற கடைசி நொடியில் நடுவர் விசில் அடித்துக் கையை நீட்டினார்.

மருதன்குளத்துக்குப் பெனால்டி கார்னர்.

நேரம் முடிந்தாலும் அந்த ஓர் அடியை அடித்துத் தீர வேண்டும். விழுந்தால் மருதன்குளம் பிழைக்கும். விழாவிட்டால் சங்கம் இல்லை, கோப்பை கோட்டூரணிக்கு.

மைதானமே எழுந்து நின்றது. பூவலிங்கமும் எழுந்தார், இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு. பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. டீச்சரும் பொத்திக்கொண்டார்.

“டீச்சர், நீங்க பாருங்க.”

“நான் பார்த்தா எங்க ஊர் தோத்துரும்.”

“அதுக்குத்தானே சொல்றேன்.”

“ரொம்ப நல்லா இருக்கு அண்ணாச்சி. நீங்க பாருங்க.”

“நான் எப்படிப் பார்க்க முடியும்?”

“முப்பத்தொரு வருஷம் பார்த்தீங்களாமே, இன்னும் ஒண்ணு பார்த்தா என்ன?”

‘டம்.’

மைதானம் ஒரே வாயாக அலறியது. பிறகு விசில். பிறகு விசித்திரமான அமைதி.

பூவலிங்கம் கையை எடுக்கவில்லை. டீச்சரும் எடுக்கவில்லை. பின்வரிசையில் யாரோ பெஞ்சின் மேலிருந்து தொப்பென்று கீழே குதித்தார்கள்.

“என்ன ஆச்சு?” என்று இருவரும் இருட்டுக்குள்ளிருந்தே கேட்டார்கள்.

“செல்லாது,” என்றது சாமியின் குரல். கத்திக் கத்திக் கட்டிப் போயிருந்தது. “பந்தைத் தள்ளுவதற்கு முன்பே கோட்டூரணிப் பையன் ஒருவன் கோட்டைத் தாண்டி ஓடி வந்துவிட்டான். இரைச்சலில் விசில் கேட்காமல் நம்மவன் அடித்துவிட்டான். மறுபடி அடிக்கச் சொல்கிறார்கள்.”

“சாமி, நீங்க எப்ப வந்தீங்க?”

“முதல் நிமிஷத்திலிருந்து இங்கேதான் இருக்கிறேன்.”

பூவலிங்கம் கையை எடுக்காமலே கேட்டார்.

“அந்த அடி எப்படி இருந்துச்சு?”

நிலக்கடலை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

“அதை எப்படிச் சொல்வது,” என்றார் சாமி. “பார்த்திருக்க வேண்டும்.”

பூவலிங்கத்தின் கைகள் தாமாகக் கீழே இறங்கின.

முதலில் வெளிச்சம் கூசியது. பிறகு பச்சை. பிறகு வட்டத்தின் விளிம்பில் மட்டையைத் தாழ்த்திக் காத்திருந்த மருதன்குளத்து இசக்கிராஜா, அவன் முழங்காலில் காய்ந்த சேறு, பந்தைத் தள்ளப் போகிறவன் நாக்கைக் கடித்துக்கொண்டு குனிவது, கோல் காப்பாளர் கால்கவசங்களைத் தட்டிக்கொள்வது. போகாத நாட்களில் சுவருக்கு வெளியே நின்று காதால் தடவிப் பார்த்தது எல்லாம் இவ்வளவு அருகில் இருந்தது.

திரும்பிப் பார்த்தார். டீச்சரின் கைகளும் மடியில் கிடந்தன.

பந்து கிளம்பியது.

ஒருவன் நிறுத்தினான். இசக்கிராஜா இரண்டு எட்டு வைத்தான். உடம்பு வில்லாக வளைந்து நிமிர்ந்தது. பந்து புல்லை விட்டு ஓர் அடி உயரத்தில், பாய்ந்தவர்களுக்கு நடுவே, காப்பாளரின் இடது காலுக்கும் கம்பத்துக்கும் இடையே ஒரு கை அகலத்தில் நுழைந்து பலகையில் அடித்தது.

சத்தம் கேட்டதா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். பூவலிங்கத்துக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐவரில் நான்கு பேர் ஓடி வந்து அவரைத் தூக்கினார்கள். ஐந்தாமவன் மயங்கி விழுந்திருந்தான். அவர்கள் தோள்மேல் இருந்தபடியே பூவலிங்கம் கீழே பார்த்தார். சாமியின் கையில் கடலைப் பொட்டலம் இருந்தது. மடத்தில் விட்டுவந்த நோட்டின் கடைசிப் பக்கம்தான் அதைச் சுற்றியிருந்தது; ‘போன ஆட்டம்’ என்ற தலைப்பு தன் கையெழுத்திலேயே தெரிந்தது. கோபப்பட நேரமில்லை.

டீச்சர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். கோப்பை போய்விட்டது. கண் இன்னும் கோல் பலகையை விட்டு அகலவில்லை.

பூவலிங்கம் கீழே இறங்கி அருகில் போனார். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

டீச்சர் முந்திக்கொண்டார்.

“அண்ணாச்சி, இன்னொரு தடவை அடிக்கச் சொல்லுவாங்களா?”