மேட்டு மனையில் மூன்று குழி

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொல்கிறேன். கை ஒரு பக்கம், கதை ஒரு பக்கம். நடுவில் விட்டுப்போனால் கோபித்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளா.

ஊருக்கு ஒரு ராஜா இருந்த காலம் அது. ராஜாவைக் கண்ணால் பார்த்தே இராத ஒரு கொடிக்கால்காரர் இருந்தார். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அவர் பெயர் ஆவுடையப்பர். மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள். மாமியார் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது. எல்லாருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

வீடு தோட்டத்துக்குள்ளேயே, வாய்க்காலை ஒட்டிப் பள்ளத்தில் இருந்தது. வெற்றிலைக்கு அதுதான் தோதான இடம். காற்று படக்கூடாது, நிழல் வேண்டும், ஈரம் காயக்கூடாது. கொடி செழித்தது. வீடுதான் செழிக்கவில்லை.

ஒரு மழைக்குக் குதிருக்குள் நெல் பூசணம் பிடித்தது. மறு மழைக்கு மேலச்சுவர் விழுந்தது. மூன்றாம் மழைக்குச் சின்ன மருமகள் கோமுவின் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. எட்டு மாதப் பிள்ளை, பெயர் தாண்டவன். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளே பூனை கத்துவது போலக் கேட்கும். வைத்தியர் வந்து பார்த்தார். மருந்து என்னிடம் இருக்கிறது, ஈரம் உங்களிடம் இருக்கிறது, இன்னொரு மழையை இந்தப் பிள்ளை இந்தத் தரையில் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகன்கள் மூவரும் ஊர் மேட்டில் புது வீடு கட்டலாம் என்றார்கள். பெரியவர் ஆவுடையப்பர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மண்ணைக் கேட்போம் என்றார்.

மண்ணைக் கேட்பது எப்படி என்றால், மனையில் முழ ஆழம் முழ அகலம் ஒரு குழி வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணையே திரும்ப அதில் போட வேண்டும். மண் மிஞ்சினால் நல்ல மனை. சரியாக இருந்தால் சுமார். குறைந்தால் அந்த இடம் ஆகாது. குடும்பத்துக்குப் பெரியவர் கையால்தான் மண் தள்ள வேண்டும்.

அது ஆவணி மாதம். ஆவணி போனால் புரட்டாசியில் யாரும் மனை போட மாட்டார்கள். ஐப்பசியில் மழை வந்துவிடும்.

முதல் நாள் மேட்டின் வடக்கு மூலையில் குழி வெட்டினார்கள். பெரியவர் மண்ணைத் தள்ளினார். குழி நிறையவில்லை, நாலு விரல் குறைந்தது. நேரே தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இரண்டாம் நாள் கிழக்கு மூலை. அங்கேயும் நாலு விரல் குறைந்தது. நடு மருமகள் வாய் சும்மா இருக்காது. பெரியவளின் காதருகே போய், "வெட்டுன மண்ணு எங்கக்கா போகுது? மாமா வெத்தலையோட சேத்து மெல்லுறாரோ?" என்றாள். பெரியவள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

பெரியவர் எல்லாரையும் கூப்பிட்டு, நாளைக்குத் தெற்கு மூலை, அதுவும் குறைந்தால் என் ஆயுசு வரைக்கும் வீட்டுப் பேச்சை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் கோமு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அந்தக் காலத்தில் மருமகள் மாமனாரோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. இவள் யாரிடமுமே அதிகம் பேச மாட்டாள். மற்றவர்கள் குழியைப் பார்த்தார்கள். இவள் தலையைக் குனிந்தபடியே நின்றதால் பெரியவரின் காலைப் பார்த்தாள்.

ஒரு கூடை மண் தள்ளினார், குதிகாலால் நாலு மிதி மிதித்தார். மறுபடி ஒரு கூடை, மறுபடி நாலு மிதி. கொடி நடும்போது அப்படித்தான் மிதிப்பார்கள். வேருக்குக் காற்றுப் போகக் கூடாதே. ஐம்பது வருஷமாக மிதித்த கால், அது தன் வேலையைச் செய்தது. அவருக்கே அது தெரியாது.

மாமனாரிடம் கோமு நேரே சொல்ல முடியாது. பிள்ளையின் நெஞ்சோ கர் கர் என்றது. அவள் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"தாண்டவா, தாத்தா காலப் பாருடா. கொடி நடுற மாதிரியே மிதிக்கிறாரு" என்றாள்.

பெரியவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். கணுக்கால் வரை மண்ணுக்குள் இருந்தது. மெல்ல வெளியே எடுத்தார்.

குழியை மறுபடி வெட்டச் சொன்னார். இந்த முறை வெளியே உட்கார்ந்து கையால் மட்டும் அள்ளிப் போட்டார். குழி நிறைந்து மேலே ஒரு குவியலும் நின்றது. மூத்தவன் சந்தோஷமாக, நல்ல மனைதானப்பா என்றான்.

பெரியவருக்குச் சந்தோஷம் வரவில்லை. எழுந்து அதை மிதித்தார், குறைந்தது. கிளறிவிட்டார், மிஞ்சியது. இன்னொரு தரம் மிதித்தார், மறுபடி குறைந்தது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த மண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. வேண்டாம்னு சொன்னது நான்தான்" என்றார்.

பிறகு மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். மேட்டிலிருந்து தோட்டத்துக்குத் தினமும் விடியுமுன் இறங்கி வர வேண்டும், முழங்கால் கேட்காது, தண்ணீர் இறைக்க ஒரு வேளை பிந்தினாலும் கொடி வாடிவிடும், அதற்குத்தான் பயந்தேன் என்றார்.

சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டார். பெரிய மருமகள் தன் புருஷன் பக்கம் திரும்பி, தோட்டத்துக்குக் கஞ்சி சுமக்கிறது நான்தானே, எனக்கும் தூரம்தான் என்றாள். நடு மருமகளும் அப்படியே தன் புருஷனைப் பார்த்து, ஈரப் பாயை உலர்த்தியே என் கை அழுகிப்போச்சு, எங்கே கட்டினாலும் சரி என்றாள். கோமுவின் முறை வந்தது. அவள் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பெரியவர் பிள்ளையைப் பார்த்து, "உங்கம்மா என்னடா சொல்றா? கேட்டுச் சொல்லு" என்றார்.

கோமு பிள்ளையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு, "கொடிக்குக் காத்து ஆகாது தாத்தா, எனக்குக் காத்து இல்லாம ஆகாது. அப்பிடிச் சொல்லுடா" என்றாள்.

பெரியவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார். அப்புறம் மூத்தவனிடம் கயிறு கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கே மனையை அளந்து நாலு மூலையிலும் முளை அடித்தார்கள்.

மண் சுவர், பனையோலைக் கூரை, மூன்று சின்ன அறை. பள்ளத்து வீட்டில் ஆண்கள் முறை வைத்துத் தங்கித் தண்ணீர் பாய்ச்சினார்கள். பெரியவர் தினமும் மேட்டிலிருந்து இறங்கினார். இறங்கும்போது முழங்காலைத் திட்டினார், ஏறும்போது மேட்டைத் திட்டினார், சாப்பிடும்போது மகன்களைத் திட்டினார். வெற்றிலை முன்னைப்போல அவ்வளவு இல்லை, கொஞ்சம் குறைச்சல்தான். ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்தன. தாண்டவனுக்கு இரண்டு தரம் இழுப்பு வந்தது, இரண்டு தரமும் விட்டுப்போனது. தை பிறந்தபோது பையன் உலர்ந்த தரையில் நடை பழகினான்.

மனதுக்குள்ளே முடிவு செய்துவிட்டு மண்ணைக் கேட்டால் மண்ணும் நம் பதிலையேதான் சொல்லும், அதனால் வீடு கட்டுவதா வேண்டாமா என்பதை அதில் மூச்சு விடப்போகிறவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

வாசல் எந்தப் பக்கம் வைத்தார்கள் என்றா கேட்கிறாய், அது, கீரை எங்கே என்று அத்தை கூப்பிடுகிறார்கள், இதோ வந்துட்டேன் அத்தை, அது கிழக்கே பார்த்து...