மீன் வண்டி இன்ஜினுக்கு மூன்று குற்றவாளிகள்

லாபத்துக்கு மூன்று பேர் அடித்துக்கொள்வதைச் சந்தையில் தினமும் பார்க்கலாம். பழிக்கு மூன்று பேர் போட்டி போட்டுப் பார்த்ததுண்டா? தூத்துக்குடியில் ஒரு மெக்கானிக் கொட்டகையில் அது நடந்தது. கேளுங்கள், கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

செலஸ்டினாவுக்குச் சொந்தமாக ஒரு மீன் வண்டி இருந்தது. பின்னால் குளிர்பெட்டி, அந்தப் பெட்டியைக் குளிரவைப்பதும் வண்டியின் இன்ஜின்தான். துறைமுகத்தில் மீன் ஏற்றி மதுரை ஓட்டல்களுக்குக் கொண்டுபோவது ராயப்பன். மதுரைக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? மீனைப் பார்க்கும் முன்னால் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்ப்பார்கள். சில்லென்று இல்லையென்றால் விலையை அடித்து நொறுக்கிவிடுவார்கள். அதனால் செலஸ்டினா ஒரு சட்டம் போட்டிருந்தாள்: படகு கரைக்கு வரத் தாமதமானாலும், வண்டி துறைமுக வரிசையில் பகல் முழுக்க நின்றாலும், இன்ஜினை அணைக்கக் கூடாது. ராயப்பன் ஒருநாளும் அணைத்ததில்லை.

எண்ணெய் மாற்றும் நாள் வந்தது. செலஸ்டினா ஜெயபால் அண்ணாச்சியின் உதிரிபாகக் கடைக்குப் போனாள். அங்கே புதிதாக ஒரு சிந்தெடிக் எண்ணெய் வந்திறங்கியிருந்தது. டின்னில் பனிமலை, அதன்மேல் பறக்கும் ஒரு பந்தயக் கார். கீழே கொட்டை எழுத்தில், இருபதாயிரம் கிலோமீட்டர் வரை மாற்ற வேண்டாம் என்று போட்டிருந்தது. பனிமலையில் மீன் வண்டிக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. வண்டி எங்கே ஓடுகிறது என்று மட்டும் அண்ணாச்சி கேட்டார். மதுரை ரோடு, பள்ளம் மேடு கிடையாது என்றாள் செலஸ்டினா. அப்படியானால் இதுவே போதும் என்று டின்னை அவள் பக்கம் நகர்த்தினார். அந்த டின் நிறைய விற்றால் கம்பெனி அவரை மலேசியா கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தது. அதை அவர் வாய் திறக்கவில்லை. செலஸ்டினா பேரம் பேசி, ஒரு பனியனும் இலவசமாகப் பிடுங்கிக்கொண்டுதான் டின்னைத் தூக்கினாள்.

சில மாதம் போனது. ஒருநாள் ராயப்பன் இன்ஜினில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தான். எண்ணெய் கன்னங்கரேலென்று கெட்டியாக இருந்தது.

"அக்கா, எண்ணெய் தார் மாதிரி இருக்கு. மாத்திருவமா?"

"எத்தனை கிலோமீட்டர் ஓடிருக்கு?"

"பாதிகூட ஆகலை."

"பொறவு என்ன? டின்ல போட்டவன் மடையனா, நீ மடையனா?"

ராயப்பன் கம்பியைத் திரும்பச் செருகினான். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்து வந்த ஒரு லோடில், எட்டயபுரம் தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் எண்ணெய்க்கான சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பெட்டி நிறைய வஞ்சிரம், மதுரையில் ஒரு கல்யாண விருந்துக்கு. நின்றால் மீன் கெடும், வாடிக்கை போகும். எப்படியாவது மதுரை போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டினான். அருப்புக்கோட்டைக்கு முன்னாலேயே இன்ஜின் இறுகி நின்றது. விருந்துக்கு மீன் போய்ச் சேரவில்லை.

வண்டியைத் தூத்துக்குடிக்கு இழுத்துவந்தார்கள். செலஸ்டினா, ராயப்பன், அண்ணாச்சி மூவரும் கொட்டகையில் நிற்க, மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் போட்டார். எண்ணெய் அசல்தான், கலப்படமில்லை என்று அடித்துச் சொன்னார். குற்றம் யாருடையது என்று மட்டும் சொல்ல மாட்டேனென்று கையைத் துடைத்துக்கொண்டார்.

முதலில் ராயப்பன் தலைகுனிந்தபடி பேசினான். விளக்கு எரிந்தும் நிறுத்தாத பாவி நான்தான். இனி ஸ்டியரிங்கைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை, நாளை முதல் படகுக்குப் போகிறேன் என்றான். படகில் கால் வைத்தாலே வாந்தி எடுக்கும் ஆள் அவன்!

அண்ணாச்சி விடவில்லை. மலேசியா ஆசையில்தான் அந்த டின்னைத் தள்ளிவிட்டேன், தப்பு என்னுடையது, பழைய இன்ஜின் ஒன்று என் செலவில் தேடித் தருகிறேன் என்று கெஞ்சினார்.

செலஸ்டினா இருவரையும் அடக்கினாள். டின் பொய் சொல்லியிருக்கிறது. அந்தப் பொய்யை நம்பி வாங்கிய ஏமாளி நான்தான், குற்றம் என்னோடு போகட்டும் என்றாள். ராயப்பா, போகாதடா என்றும் சொன்னாள். அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. குற்றம் தன்னுடையது என்று நம்பும்வரை அவன் அந்த வண்டியில் ஏறப்போவதில்லை.

இப்போது சொல்லுங்கள். இந்த மூவரில் இன்ஜினைக் கொன்றது யார்?

விடை: செலஸ்டினா. ஆனால் அவள் ஒப்புக்கொண்ட குற்றத்தால் அல்ல. டின் பொய் சொல்லவில்லை. கிலோமீட்டர் கணக்கு, ஓடும் வண்டிக்கு எழுதியது. இவள் வண்டி ஓடியதைவிட நின்று உழைத்ததுதான் அதிகம். நிற்கும்போது மீட்டர் நகராது, எண்ணெய் மட்டும் வெந்துகொண்டே இருக்கும். வண்டி வரிசையில் நிற்பது அண்ணாச்சிக்குத் தெரியாது. அவர் ஆசைப்பட்டது அசிங்கம்தான், என்றாலும் கொன்றது அவரல்ல. விளக்கைப் பார்த்தும் ஓட்டியது ராயப்பனின் தப்பு. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு பதற்றத்தில் செய்தது, அதற்கு முன்பே இன்ஜின் பாதி செத்துவிட்டது. டின்னில் எழுதியிருந்ததும் இன்ஜின் அணையாமல் வண்டி வரிசையில் நின்றதும், இரண்டும் தெரிந்து மாற்ற வேண்டாமென்று முடிவெடுத்தவள் அவள் ஒருத்திதான். கண்ணால் பார்த்துச் சொன்னவனை, அச்சடித்த எழுத்தைக் காட்டி வாயடைத்தாள். ஏமாந்தேன் என்று அழுவது சுலபம். "நீ சொன்னே, நாந்தான் கேக்கலை" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கஷ்டம். அதைச் சொல்லாதவரை, எத்தனை புது இன்ஜின் மாட்டினாலும் அவன் வர மாட்டான். வரவும் கூடாது.