இரண்டு நாள் பிந்திய எச்சரிக்கை

அணையைத் திறக்கும்போது கரையோர ஊர்களின் போன்களுக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்ப அங்கே ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அன்றைக்கு அதில் நெட் வரவில்லை. எச்சரிக்கையும் போகவில்லை. ஆற்றுமணலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சடையாண்டியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

பழியைப் போட கம்ப்யூட்டர் அதிகாரி ஞானசிகாமணிக்கு உடனே ஆள் கிடைத்துவிட்டான், அதற்கு நெட் கேபிள் இழுத்த இருளப்பன். இரண்டு நாள் கழித்து அணை ஆபீசுக்கு விசாரணைக்கு வந்த தாசில்தார் முன்னாலேயே அவனிடம் காகிதத்தை நீட்டினார்.

“ஜாயிண்ட்டைச் சரியாப் போடலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுடா.”

“போடுறேன் சார். அன்னைக்குக் காலையில இந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுற கெர்னல் புரோகிராமைப் புதுசா ஏத்துனீங்க. பழசும் உள்ளேயே இருக்குன்னு பெருமையாச் சொன்னீங்களே?”

“கேபிள்காரனுக்கு எதுக்குடா கெர்னல்?”

“எனக்கு என்ன சார் தெரியும்? ஒரே ஒரு தடவை அந்தப் பழசுல கிளப்பிக் காட்டுங்க. என் கேபிள் கெட்டிருந்தா அதுலயும் நெட் வராது. அப்பவே கையெழுத்துப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போறேன்.”

“செய்யுங்க” என்றார் தாசில்தார்.

ஞானசிகாமணி வேர்க்க வேர்க்கப் பழைய கெர்னலில் கம்ப்யூட்டரைக் கிளப்பினார். நெட் வந்துவிட்டது. தாசில்தார் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

இரண்டு நாளாக உள்ளே தேங்கிக் கிடந்த எச்சரிக்கையும் அந்த நிமிஷமே தானாகக் கிளம்பிப் போனது. வாசலில் உட்கார்ந்திருந்த சடையாண்டியின் மனைவி கையில் போன் அடித்தது. அழுது வீங்கிய கண்ணுக்கு எழுத்துத் தெரியவில்லை. வெளியே வந்த இருளப்பனிடம் நீட்டினாள்.

“என்னண்ணே போட்டிருக்கு?”

“தண்ணி வருதாம் தாயி. ஆத்துல யாரும் இறங்க வேண்டாமாம்.”